கல்லில் இருக்கும் பெயரைப் படிக்க வந்தவர்கள்

வேலூர், திருவண்ணாமலை பக்கம் ராணுவத்துக்கு ஆள் போகாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். பஸ்ஸை விட்டு இறங்கி "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால், "எந்த மிலிட்டரிக்காரர்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். நானும் வெலிங்டனில் பயிற்சி முடித்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார் வரை போய், பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவன்.

வந்தபிறகு இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று, பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் எழுத்தறிவு வகுப்பு. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று 2022-ல் தொடங்கினார்களே, அது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டு, படிக்க எழுதத் தெரியாத யாரும் வரலாம். சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கிடையாது. தலைமையாசிரியை கேட்டார், சரி என்றேன். இன்னொன்று, எங்கள் முன்னாள் படைவீரர் சங்கம் ஜூலை 26 கார்கில் வெற்றி நாளுக்கும் டிசம்பர் 7 கொடிநாளுக்கும் நடத்துகிற அஞ்சலி நிகழ்ச்சி. முதலில் இரண்டும் சம்பந்தமில்லாத வேலைகளாகத்தான் தெரிந்தன. வகுப்பு நடக்க நடக்க இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. போரில் போன பிள்ளைக்கு ஊரே கூடி மாலை போடுகிறோம். ஆனால் அவன் பெயர் எழுதிய கல்லைப் பெற்ற தாயால் படிக்க முடியவில்லை என்றால், அந்த அஞ்சலி பாதியில் நிற்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தன்னார்வலராக வர நினைப்பவர்களுக்கு உதவும்.

வந்தவர்களில் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோதும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனபோதும் இவர்கள் இளம் பெண்கள். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம் அது. இவர்களில் சிலர் அப்போது வாசல்வரை போய்விட்டுத் திரும்பியவர்கள். கைக்குழந்தை, மாமியார், நாற்று நடவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் ஏறக்குறைய 73 சதவீதம். அந்த எண்ணில் சேராமல் போனவர்கள்தான் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டதுதான் முதலில் பலன் தந்தது. நூறு நாள் வேலை முடிந்து, குளித்து, மாட்டைக் கட்டி, டிவியில் சீரியல் தொடங்குவதற்கு முன் ஒரு இடைவெளி இருக்கிறது. அதில்தான் வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு வைத்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது கண். "மண்டையில ஏற மாட்டேங்குது தம்பி" என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மண்டையில் ஒரு குறையும் இல்லை. வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும், கண்ணாடி வாங்கிவிடுவார்கள். எழுத்தையே பார்க்காதவர்களுக்குக் கண் மங்கியதே தெரியாது. அதிகம் போனால் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று மருமகளிடம் கொடுத்திருப்பார்கள். கண் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகு வகுப்பு வேறு வகுப்பாகிவிட்டது. முதியோர் வகுப்பு தொடங்கும் யாரும் அரிச்சுவடியைத் திறப்பதற்கு முன் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

எழுத்தில் 'அ'-வில் தொடங்க வேண்டாம். களைக்கொத்து பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு அந்தச் சுழி வராது. வரவில்லை என்றதும் வெட்கப்பட்டு நோட்டை மூடிவிடுவார்கள். ட, ப, ம, ய என்று நேர்க்கோடு அதிகம் உள்ள எழுத்துகளில் தொடங்கினால் முதல் நாளே நாலு எழுத்து கைவசம். பேனாவைவிட சாக்பீஸ் நல்லது, நோட்டைவிடத் தரை நல்லது. கோலம் போட்ட கைகள். தரையில் குனிந்து எழுதச் சொன்னால் கூச்சம் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர். புத்தகத்தில் இருக்கும் பாடத்தோடு, "உங்களுக்கு முதலில் எந்தப் பெயரை எழுதணும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். அதிகம் பேர் சொந்தப் பெயரைச் சொன்னார்கள். சிலர் பேரப்பிள்ளை பெயரை. கார்கில் போரில் மகனை இழந்த ஒரு பெரியம்மா, மகன் பெயரைச் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் 1987-ல் இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். திரும்பவில்லை. அக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. எங்கள் ஊரில் அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். மறுநாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே வீட்டுக்காரருடைய பழைய ராணுவக் காகிதங்கள். அதில் ஒரு வரியில் விரலை வைத்து, "இதைத்தான் எழுதணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாயால சொல்லக் கூடாது. கையால எழுதலாம் இல்ல தம்பி?" என்று கேட்டார்.

எழுதலாம் அக்கா என்றேன்.

காகிதத்தில் இருந்தது ஆங்கிலத்தில். நான் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெயரில் என்னென்ன எழுத்து உண்டோ, அந்த வரிசையில்தான் அவர் தமிழ் எழுத்தைக் கற்றார். எண்களும் அப்படியே. ராணுவக் குடும்பங்களுக்கு அந்த ஆளின் நம்பர் மனப்பாடமாக இருக்கும். எந்த மனுவிலும் முதல் வரி அதுதான். அக்கா அந்த நம்பரைக் கடகடவென்று சொல்வார், ஆனால் ஓர் எண்ணும் அடையாளம் தெரியாது. சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஒரே வாரத்தில் எண்கள் பிடிபட்டுவிட்டன. புத்தகத்தில் மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் எண்ணுகிற பாடத்தில் அவருக்கு ஒரு நாளும் மனம் ஒட்டவில்லை. ஐம்பது வயது ஆளுக்குப் பழத்தை எண்ணத் தெரியாதா என்ன.

இப்போது பெரியம்மாவிடம் வருகிறேன். ஊர் முகப்பில் அவர் மகனுக்குக் கல் இருக்கிறது. கறுப்புக் கிரானைட், தங்க எழுத்து, மேலே கூரை. வருஷா வருஷம் ஜூலை 26 அன்று அவரைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவைப்போம். மைக்கில் பேசுகிறவர்கள் எல்லாம் பேசுவார்கள். அவர் பேசியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

கூட்டெழுத்துப் பாடம் முடிந்த சமயத்தில், ஒரு நாள் வகுப்பை அந்தக் கல்லுக்கே கொண்டுபோனேன். பஸ் போர்டு, கடைப்பலகை என்று ஊருக்குள் இருப்பதைப் படிக்க வைப்பது வழக்கம்தான், அந்த நடையில் கல்லும் வந்தது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்தில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"தம்பி, இது 'இ' தானே?"

ஆமாம் பெரியம்மா.

"அவங்க அப்பா பேருக்கு 'ஏ' தானே வரணும்? இங்க எப்படி 'இ' வந்துச்சு?"

நாங்கள் எல்லோரும் கல்லைப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. ராணுவக் காகிதத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் 'E' என்று இருந்திருக்கும். கல்லுக்கு வாசகம் எழுதிக்கொடுத்தவர் அந்த ஆங்கில எழுத்தை வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே தமிழில் 'இ' என்று போட்டுவிட்டார். எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ மாலைகள். படித்த நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்தத் தகப்பன் பெயர் கல்லில் தப்பாக நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் நோட்டும் பென்சிலுமாகப் புதிதாகப் படிக்க வந்த அவர் மனைவி.

சிற்பியை அழைத்து அந்த எழுத்தைத் திருத்தினோம். செலவு பெரிதில்லை, கிரானைட்டில் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டார், உற்றுப் பார்த்தால் தெரியும். தெரியட்டும் என்றார் பெரியம்மா.

கல் வைக்கப் போகும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசகத்தைக் காகிதத்தில் எழுதி முதலில் வீட்டாரிடம் காட்டுங்கள். தாயோ மனைவியோ படிக்கத் தெரியாதவர் என்றால் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். தலைப்பெழுத்தை அப்பா பெயரைக் கேட்டுத் தமிழில் எழுதுங்கள், ஆங்கில ஆவணத்திலிருந்து எடுக்காதீர்கள். படைப்பிரிவு, இறந்த நாள், இறந்த இடம் மூன்றும் இருக்கட்டும். நன்கொடையாளர் பெயர்கள் வீரரின் பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருந்தால் போதும். எழுத்து கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பீடத்தை ஆறடிக்கு உயர்த்தி அதன் மேல் பெயரை வைத்தால், அதைப் படிக்க வேண்டியவர்களால் படிக்க முடியாது.

அடுத்த ஜூலையில் நிகழ்ச்சியின் முறையையும் மாற்றினோம். கல்லில் இருப்பதை வாசிப்பது பெரியம்மாவின் வேலை. பெயர், நம்பர், படைப்பிரிவு, இடம், தேதி என்று எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார், நேரம் பிடித்தது. பேச வந்தவர்கள் அன்று சுருக்கமாகப் பேசினார்கள்.

அமைதிப்படையில் போனவர்களின் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு போன படை 1990 மார்ச்சில் முழுதாகத் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கே இறந்தார், அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த ஒரு பெயர் பலருக்குத் தெரியும். மற்றவர்களின் பெயர் அவரவர் வீட்டைத் தாண்டியதில்லை. அந்தப் போரைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் நிம்மதியாகப் பேச முடியாது, எனக்கும் அது புரிகிறது. எதிர்ப்பக்கம் இருந்தவர்களும் நம் மொழி பேசியவர்கள். அங்கே இறந்த பொதுமக்களும் நம் மொழி பேசியவர்கள். அந்தத் துயரம் எதையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் உத்தரவுக்குப் போன ஒரு சிப்பாயின் மனைவி, இருபது வயதில் தாலியை இழந்து, அதைப் பற்றி வெளியே வாய் திறக்கக்கூட இடமில்லாமல் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். கார்கிலுக்குக் கல் வைத்த ஊரில் அவர் வீட்டுக்காரருக்குக் கல் இல்லை. கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் இந்திய அமைதிப்படைக்கு ஒரு நினைவிடம் உண்டு, அங்கே கல்லில் பெயர்கள் இருக்கின்றன. 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்ட 25,000-க்கும் மேற்பட்டோர் பெயர்களோடு அவர்களுடைய பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இதைச் சொன்னபோது அக்கா, "அப்ப ரெண்டு எடத்துல எழுதிக்கீறாங்களா?" என்று கேட்டார். அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

டெல்லிக் கல்லில் தமிழ் இருக்காது. அதனால் அந்தப் பெயருக்குத் தேவையான ஆங்கில எழுத்துகளையும் கற்றுக்கொள்கிறேன் என்றார். இப்போது அந்தப் பெயரை இரண்டு எழுத்திலும் அவரால் எழுத முடியும்.

படிப்பு வந்ததும் மஞ்சள் பையில் இருந்த மற்ற காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். போர் நடவடிக்கையில் இறந்தவர் குடும்பத்துக்கும் சாதாரணமாக இறந்தவர் குடும்பத்துக்கும் பென்ஷன் ஒன்றல்ல. முன்னதில் கடைசியாக வாங்கிய சம்பள அளவுக்கே குடும்பப் பென்ஷன் கிடைக்கும். எது தனக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பது பென்ஷன் ஆணையில் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கியில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். அக்காவுக்கு ஆணையில் இருந்தது ஒன்று, பல வருஷம் கைக்கு வந்தது குறைவு. எந்த இடத்தில் தவறு நடந்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை, மனு போய்க்கொண்டிருக்கிறது. அந்த மனுவின் கீழ் அவர் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கைநாட்டு வைத்த வங்கிக் கணக்கு, ஆள் எழுதக் கற்றுக்கொண்டதும் தானாகக் கையெழுத்துக் கணக்காக மாறிவிடாது. நேரில் போய் மாதிரிக் கையெழுத்துக் கொடுத்து மாற்ற வேண்டும். அதற்கு முன் குறைந்தது இரண்டு மாதம் ஒரே மாதிரி கையெழுத்துப் போடப் பழக்குங்கள். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி போட்டால் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள், பழையபடி மைப்பெட்டியை நீட்டுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வகுப்புக்கு வருவது நின்றுபோகும். அதே மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஆயுள் சான்று எப்போது கொடுக்கவேண்டும் என்பதைக் காலண்டரில் அவர்களையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, எங்கள் பக்கம் சோல்ஜர் போர்டு என்றால்தான் புரியும். அங்கே போகும்போது துணைக்குப் போகலாம், ஆனால் மனுவை அவர்களே வாசித்துக் கொடுக்கட்டும்.

ஊர்க் கல்லைப் படித்த பிறகு வகுப்பில் எல்லோருக்கும் கல் மேல் ஒரு கண் வந்துவிட்டது. பழைய சாவடிச் சுவரில் ஒரு பலகைக்கல் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஆள் அனுப்பிய பல ஊர்களில் இதே வாசகத்தைப் பார்க்கலாம். அதை வாசித்துத் தமிழில் சொன்னேன். பெரியம்மா கேட்டார், "அவங்க பேரு?"

பேர் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான்.

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும், திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மாட்டு மந்தையைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று வட்டெழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிய மண் இது. நூறு வருஷத்துக்கு முன்பு மனிதர்களை எண்ணிக்கையாக எழுதிவிட்டுப் போனார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. இது எங்கள் ஊருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. இராக்கில் பாஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் இருக்கிறது, இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கைதான் பொறித்தார்கள். இந்த வேற்றுமையைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பெயர்களைத் தேடித்தான் இப்போது வகுப்பின் கடைசி அரைமணி நேரம் போகிறது. ஆணையத்தின் இணையதளத்தில் பெயர்ப்பட்டியல் காசில்லாமல் கிடைக்கும். தேடும்போது வேலூர் மாவட்டம் என்று போட்டால் வராது, அப்போது இது வட ஆற்காடு. சில பதிவுகளில் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். எழுத்துக் கூட்டல் கன்னாபின்னா என்று இருக்கும், வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்கள் போனில் பார்த்து வாசிக்கிறார்கள். பெரியம்மாவும் மற்றவர்களும் அதைத் தமிழில் நோட்டில் எழுதி, எந்த வீட்டுப் பெயர், எந்தத் தெரு, யாருடைய பாட்டன் என்று பொருத்திப் பார்க்கிறார்கள். ஊரில் எந்தக் குடும்பத்தில் எந்தப் பெயர் வழிவழியாக வைக்கிறார்கள் என்பது இவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது.

ஒரு பெயர் உறுதியாகிவிட்டது. மற்றதில் இரண்டு பெயர்மீது இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. சாவடிக் கல்லுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு கல், அதில் 1914-லிருந்து இன்றுவரை ஊரிலிருந்து போய் உயிர்விட்ட எல்லாருடைய பெயரும், இலங்கைக்குப் போனவர் பெயரும் சேர்த்து வைக்கவேண்டும் என்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருகிறோம். தீர்மானத்தை எழுதியவர் அக்கா. மூன்றாவது வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது, பெரியம்மா பார்த்துச் சேர்த்தார்.